வெளிநாட்டுப் பயணத்தில் மடிக்கணினிக்கு இணையம்

உம்ராவுக்குக் கிளம்பும் குடும்பங்களில் இப்போது ஒருவராவது மடிக்கணினியைப் பையில் வைத்துக்கொள்கிறார். முழு விடுமுறை கிடைக்காத மகன், இணையவழி வகுப்பு உள்ள மகள், கடைக் கணக்கைப் பார்க்க வேண்டிய தகப்பனார் என ஒவ்வொருவருக்கும் ஒரு தேவை. கைப்பேசிக்குப் போட்ட டேட்டாவே கணினிக்கும் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். முதல் இரவிலேயே அது தீர்ந்துபோவதும் உண்டு. காரணத்தைத் தெரிந்துகொண்டால் தடுப்பது எளிது.

எந்த சிம்?

மூன்று வழிகள் உள்ளன. ஊர் சிம்மிலேயே ரோமிங் பேக் போடலாம். வசதியானது, ஆனால் டேட்டா அளவு குறைவு, விலை அதிகம். பேக் போடாமல் ரோமிங் டேட்டாவைத் திறந்துவிட்டால் கட்டணம் எகிறிவிடும்.

இரண்டாவது, போய் இறங்கும் நாட்டின் சிம். சவூதியில் எஸ்.டி.சி, மொபைலி, ஸைன் ஆகியவை பெரிய நிறுவனங்கள். பாஸ்போர்ட்டைக் காட்டி, கைரேகை பதிந்து வாங்க வேண்டும். வேறொருவர் பெயரில் பதிவான சிம்மை யார் தந்தாலும் வாங்காதீர்கள். பணம் கொடுப்பதற்கு முன், "இந்த பேக்கில் ஹாட்ஸ்பாட் போடலாமா?" என்று கேட்டுவிடுங்கள். சில பேக்குகள் சமூக ஊடகங்களுக்கு மட்டுமே டேட்டா தரும். அவை கணினிக்கு உதவாது.

மூன்றாவது, இ-சிம். ஊரிலிருந்தே வாங்கலாம். உங்கள் கைப்பேசி அதை ஏற்குமா என்று முதலில் பாருங்கள். நிறுவுவதற்கே இணையம் தேவை என்பதால் வீட்டு வைஃபையிலேயே நிறுவிவிடுங்கள்.

எதை வாங்கினாலும் ஊர் சிம்மைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். வங்கி ஓடிபி அதில்தான் வரும். புறப்படும் முன் ரோமிங் வசதியை இயக்கச் சொல்லிவிட்டு, அந்த சிம்மின் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள். வரும் குறுஞ்செய்திக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. பேக் இல்லாமல் அழைப்பை எடுத்தால் கட்டணம் உண்டு.

கணினியில் இணைப்பது

கைப்பேசி அமைப்புகளில் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, கடவுச்சொல் கொடுத்து, கணினியின் வைஃபை பட்டியலில் அதைத் தேர்ந்தெடுங்கள். நெடுநேரம் வேலை இருந்தால் யுஎஸ்பி கேபிள் மேலானது. கைப்பேசிக்கு சார்ஜும் ஏறும். ஐபோனை விண்டோஸ் கணினியில் கேபிள் வழியே இணைக்க ஐடியூன்ஸ் போன்ற ஆப்பிள் மென்பொருள் தேவைப்படலாம். அதையும் ஊரிலேயே நிறுவிக்கொள்ளுங்கள். நாலைந்து பேர் பயன்படுத்துவதாக இருந்தால், சிம் போடும் கையடக்க மைஃபை கருவி நல்லது.

டேட்டா எங்கே போகிறது?

ஹாட்ஸ்பாட்டும் கணினிக்கு ஒரு வைஃபைதான். வீட்டில் இருப்பதாகவே அது நடந்துகொள்ளும். விண்டோஸ் அப்டேட் இறங்கும். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் கோப்புகளை ஏற்றும். நீங்கள் ஒரு மின்னஞ்சல் அனுப்புவதற்குள் பல நூறு எம்பி போய்விடலாம்.

இதற்கு விண்டோஸில் ஒரு பூட்டு இருக்கிறது. அமைப்புகளில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், இணைந்துள்ள வைஃபையின் பண்புகளைத் திறந்து, 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' என்பதை இயக்குங்கள். பெரும்பாலான அப்டேட்கள் நின்றுவிடும், ஒன்டிரைவும் பொறுத்திருக்கும். கூகுள் டிரைவை நீங்களே நிறுத்தி வையுங்கள். மேக் கணினியில் வைஃபை அமைப்பில் 'லோ டேட்டா மோட்' உண்டு. வேலை முடிந்ததும் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடுங்கள்.

காணொளிக் கூட்டத்துக்கு மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி என்று கணக்கு வையுங்கள். படத்தை அணைத்துக் குரலை மட்டும் விட்டால் அதில் சிறு பங்குதான் ஆகும்.

இன்னும் இரண்டு

தங்குமிட வைஃபை இலவசமாகக் கிடைத்தால் பெரிய கோப்புகளை அதில் இறக்கிக்கொள்ளுங்கள். வங்கி வேலையை மட்டும் உங்கள் சொந்த ஹாட்ஸ்பாட்டில் செய்யுங்கள்.

துபாய் வழியாகப் போகிறவர்கள் கவனிக்க: அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்தி போகும், அதன் குரல், காணொளி அழைப்புகளுக்குத் தடை உண்டு. சிம் கெட்டுவிட்டது என்று எண்ணி இன்னொன்று வாங்கிவிட வேண்டாம்.

இவற்றில் பாதி வேலை ஊரிலேயே முடியக்கூடியது. பெட்டி கட்டும் நாளில் அரை மணி நேரம் ஒதுக்கினால், போன இடத்தில் நேரமும் பணமும் மிஞ்சும், இன்ஷா அல்லாஹ்.