தொலைநோக்கி வாங்க ஆசையா? வானத்தைப் பார்க்க உண்மையில் எவ்வளவு செலவாகும்?

வியாழன் பளிச்சென்று தெரியும் இரவில் கைத்தொலைபேசியில் படம் எடுத்துப் பார்த்திருப்பீர்கள். வெறும் வெள்ளைப் புள்ளிதான் வந்திருக்கும். "ஒரு தொலைநோக்கி வாங்கிடலாமா?" என்ற யோசனை அப்போதுதான் வரும்.

இணையத்தில் தேடினால் தலை சுற்றும். 80 வெள்ளிக்கும் தொலைநோக்கி இருக்கிறது, 8,000 வெள்ளிக்கும் இருக்கிறது. ஏன் இவ்வளவு வித்தியாசம்? சிங்கப்பூரில் வசிக்கும் ஒருவர் எது வரை செலவு செய்யலாம்?

முதல் சம்பளத்தையோ ஆங்பாவ் காசையோ எடுத்து வைப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்...

- கண்ணால் பார்க்க மட்டும் என்றால் 100 வெள்ளியிலிருந்து 1,200 வெள்ளிக்குள் முடித்துக்கொள்ளலாம்.
- படம் எடுக்க ஆரம்பித்தால் 5,000 வெள்ளி தாண்டுவது சர்வசாதாரணம்.
- சிங்கப்பூரில் பெரிய தடை பணம் இல்லை. வெளிச்சமும் மேகமும்தான்.

(கீழே உள்ள விலைகள் எல்லாம் தோராயமானவை. மாடல், கடை, நாணய மாற்று விகிதத்தைப் பொறுத்து மாறும். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் 9 விழுக்காடு பொருள், சேவை வரியையும் அனுப்பும் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

எந்த விலைக்கு என்ன கிடைக்கும்?

0 வெள்ளி: 'ஸ்டெல்லேரியம்' என்ற இலவச மென்பொருள் போதும். எந்த நேரத்தில், எந்தத் திசையில், எது தெரியும் என்று காட்டிவிடும். கண் மட்டுமே கருவி.

80 முதல் 250 வெள்ளி: 7x50 அல்லது 10x50 வகை பைனாகுலர். நிலவின் பள்ளங்கள், கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் ஆகியவை தெரியும். கையை ஆடாமல் வைத்துக்கொண்டால் வியாழனின் நான்கு பெரிய நிலவுகளையும் பார்க்கலாம். அலுத்துப்போனால் பறவை பார்க்கவும் கிரிக்கெட் பார்க்கவும் உதவும்!

800 முதல் 1,200 வெள்ளி: 8 அங்குல 'டாப்சோனியன்' தொலைநோக்கி. சனியின் வளையம், வியாழனின் பட்டைகள், ஓரியன் நெபுலாவின் மங்கலான ஒளி எல்லாம் நன்றாகத் தெரியும். ஆனால் குழாயே ஒரு மீட்டருக்கு மேல் நீளம். எல்லாம் சேர்ந்து சுமார் 20 கிலோ எடை.

2,000 வெள்ளிக்கு மேல்: தானாகவே கோளைத் தேடிக் காட்டும் கணினி பொருத்திய தொலைநோக்கிகள்.

ஐந்திலக்கம்: தனிப்பட்ட வானாய்வகம் கட்டும் அளவுக்குப் போனவர்கள். சிஓஇ விலையைப் பார்த்துப் பழகிய நமக்கு இது பெரிய தொகையாகத் தெரியாமல் இருக்கலாம். ஆனாலும் பொழுதுபோக்குதானே!

காசு எதற்குப் போகிறது?

பலர் நினைப்பது: "எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" அதுதான் முக்கியம் என்று. அது தப்பு.

தொலைநோக்கியின் முதல் வேலை வெளிச்சத்தைச் சேகரிப்பது. மழைத்தண்ணீர் பிடிக்க அகலமான வாளி வைப்பதைப் போல. முன்னால் இருக்கும் வில்லை அல்லது ஆடி எவ்வளவு அகலமோ, அவ்வளவு வெளிச்சம் உள்ளே வரும். 200 மில்லிமீட்டர் ஆடி, 70 மில்லிமீட்டர் வில்லையைவிடச் சுமார் 8 மடங்கு வெளிச்சத்தைப் பிடிக்கும். ஆடி பெரிதானால் விலையும் ஏறும்.

பெட்டியில் '525 மடங்கு' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் மலிவான தொலைநோக்கியைப் பார்த்தால் உஷாராகிவிடுங்கள். பொதுவான கணக்கு இதுதான்: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். 70 மில்லிமீட்டர் என்றால் அதிகபட்சம் 140 மடங்கு. அதற்கு மேலே போனால் படம் பெரிதாகும், ஆனால் மங்கலாகிவிடும்.

இரண்டாவது செலவு, தாங்கி. தொலைநோக்கியைத் தாங்கி நிற்கும் 'மவுண்ட்' பகுதி. பூமி சுழல்வதால் வானத்தில் எல்லாமே மணிக்கு 15 பாகை நகர்கிறது. 100 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் சனிக் கோள் சுமார் இரண்டு நிமிடத்தில் பார்வையிலிருந்து நழுவிவிடும். தாங்கி ஆட்டம் கண்டால் நல்ல வில்லை இருந்தும் பயனில்லை. மலிவான தொலைநோக்கிகள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான்.

மூன்றாவது, கண் வைத்துப் பார்க்கும் 'ஐபீஸ்'. 50 வெள்ளிக்கும் உண்டு. ஒன்றே ஒன்று 800 வெள்ளியைத் தாண்டுவதும் உண்டு. தொலைநோக்கியைவிட ஐபீஸ் பெட்டிக்கு அதிகம் செலவழித்தவர்கள் இருக்கிறார்கள்.

படம் எடுக்க ஆரம்பித்தால்?

இங்கேதான் பலருக்குக் கணக்கு கைமீறிப் போகிறது. நெபுலா, விண்மீன் மண்டலம் போன்றவற்றைப் படமெடுக்கக் கேமரா நிமிடக்கணக்கில், மொத்தத்தில் மணிக்கணக்கில் வெளிச்சத்தைச் சேர்க்க வேண்டும். அதுவரை தொலைநோக்கி, வானத்தின் நகர்வைத் துல்லியமாகப் பின்தொடர வேண்டும்.

ஓரளவு நல்ல தொடக்கநிலைத் தொகுப்பு இப்படி இருக்கும்:

- பின்தொடரும் தாங்கி: 1,500 முதல் 2,800 வெள்ளி
- சிறிய, தரமான வில்லைத் தொலைநோக்கி: 700 முதல் 2,000 வெள்ளி
- குளிரூட்டப்பட்ட கேமரா: 1,500 முதல் 2,800 வெள்ளி
- வழிகாட்டும் சிறு கேமராவும் அதற்கான குட்டித் தொலைநோக்கியும்: 300 முதல் 500 வெள்ளி
- வடிகட்டி, கட்டுப்படுத்தும் சிறு கணினி, மின்கலம், கம்பிகள்: 800 வெள்ளிக்கு மேல்

கூட்டிப் பாருங்கள். குறைந்தது 4,800 வெள்ளி. மேல்முனையில் ஏறக்குறைய 9,000 வெள்ளி. ஒன்றை மாற்றினால் இன்னொன்று பொருந்தாது. பெரிய குழாய் வாங்கினால் பலமான தாங்கி வேண்டும். அப்படித்தான் செலவு செலவை இழுத்து வரும்.

சிங்கப்பூருக்கே உரிய செலவுகள்

வெளிநாட்டு யூடியூபர் சொல்வதை அப்படியே கேட்டு வாங்கினால் இங்கே மாட்டிக்கொள்ளலாம். காரணங்கள் நான்கு.

1. வெளிச்சம்

2016ஆம் ஆண்டு வெளியான உலக ஒளி மாசு வரைபடம் சிங்கப்பூரை மிக அதிக ஒளி மாசு கொண்ட நாடாகக் காட்டியது. இங்கே வாழும் யாருடைய கண்ணும் முழு இருட்டுக்குப் பழகும் அளவுக்கு இரவு இருட்டுவதில்லை. ஆகவே மங்கலான விண்மீன் மண்டலங்களைப் பார்க்கப் பெரிய ஆடி வாங்கி வீவக புளோக்குக்குக் கீழே வைத்தால் ஏமாற்றம்தான்.

நிலவுக்கும் கோள்களுக்கும் இந்தப் பிரச்சினை இல்லை. அவை வெளிச்சத்தை மீறித் தெரியும்.

2. பூமத்திய ரேகை

நாம் இருப்பது வடக்கே 1.3 பாகையில். இதில் நன்மையும் உண்டு, தொல்லையும் உண்டு.

நன்மை: கோள்கள் நம் தலைக்கு மேலே உயரமாகக் கடந்து போகும். லண்டனில் சில ஆண்டுகளில் வியாழன் அடிவானத்திலிருந்து 15 பாகைதான் எழும். இங்கே எப்போதுமே 60 பாகைக்கு மேல். உயரத்தில் இருக்கும்போது குறைவான காற்றைத் தாண்டிப் பார்க்கிறோம். படம் தெளிவாக இருக்கும்.

தொல்லை: படமெடுக்க உதவும் 'ஈக்வடோரியல்' தாங்கியின் அச்சு, துருவ நட்சத்திரம் இருக்கும் பக்கம் நோக்க வேண்டும். நமக்கு அது அடிவானத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. கட்டடங்களுக்குப் பின்னால் கண்ணுக்கே தெரியாது. பல தாங்கிகள் 10 அல்லது 15 பாகைக்குக் கீழே சாயாது. சாய்ந்தாலும் எடைக்கல் முக்காலியில் இடிக்கும். 2,500 வெள்ளி கொடுத்து வாங்கியது இங்கே சரியாக நிற்கவே நிற்காது! வாங்கும் முன் அது எத்தனை பாகை வரை சாயும் என்று கட்டாயம் கேளுங்கள்.

3. ஈரப்பதம்

நம் ஊர்க் காற்றில் வில்லைகளுக்குப் பூஞ்சை பிடிக்கும். கேமரா வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதை. ஈரம் உறிஞ்சும் 'டிரை கேபினட்' பெட்டிக்கு 100 வெள்ளிக்கு மேல் ஒதுக்குங்கள். பெரிய குழாய் அதற்குள் அடங்காது. ஆனால் ஐபீஸ்களையும் கேமராவையும் காப்பாற்றலாம்.

4. மேகம், பயணம்

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வாரக்கணக்கில் வானம் திறக்காமல் போகலாம். இருட்டான வானம் வேண்டும் என்றால் இங்குள்ள ஆர்வலர்கள் பலர் ஜொகூரின் மெர்சிங் பக்கம் போகிறார்கள். வாடகைக் கார், பெட்ரோல், ஓர் இரவு தங்கும் அறை... இதெல்லாம் வாங்கிய ரசீதில் வராத செலவு. போன இரவு மழை பெய்தால் அந்தக் காசு அவ்வளவுதான்.

புதிய வழி: 'ஸ்மார்ட்' தொலைநோக்கி

2023இல் வெளிவந்த 'சீஸ்டார் எஸ்50' போன்ற கருவிகள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றிவிட்டன. விலை சுமார் 700 வெள்ளி. எடை இரண்டரைக் கிலோ. பையில் போட்டு எம்ஆர்டியில் கொண்டுபோகலாம்.

கண் வைத்துப் பார்க்கும் துளை இதில் கிடையாது. கைத்தொலைபேசியில் பெயரைத் தட்டினால் தானே தேடிப் படம் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக் காட்டும். நகர வெளிச்சத்தைக் குறைக்கும் வடிகட்டியும் உள்ளேயே இருக்கிறது. வீட்டுக்கு அருகிலிருந்தே ஓரியன் நெபுலாவின் நிறம் தெரியும்.

குறை? வில்லை 50 மில்லிமீட்டர்தான். கோள்கள் குட்டியாகத் தெரியும். சனியின் வளையத்தை ரசிக்க இது ஏற்றதல்ல. "என் கண்ணாலேயே பார்த்தேன்" என்ற சிலிர்ப்பும் கிடைக்காது. அந்தச் சிலிர்ப்புதான் வேண்டும் என்றால் டாப்சோனியன் பக்கம் போங்கள்.

அதிகம் செலவழித்தால் அதிகம் தெரியுமா?

ஓரளவு வரை, ஆமாம். அதற்குப் பிறகு நேரமும் பொறுமையும்தான்.

டாப்சோனியன் என்ற பெயருக்குக் காரணமானவர் ஜான் டாப்சன். சான் ஃபிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண இயக்கத்தைச் சேர்ந்த வேதாந்த சங்கத்தில் 23 ஆண்டு துறவியாக இருந்தவர். கையில் காசில்லை. பழைய கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார். அட்டைக் குழாயையும் மரப்பலகையையும் வைத்துத் தொலைநோக்கி கட்டினார். தமது வடிவமைப்புக்குக் காப்புரிமை வாங்கவில்லை. 1968இல் நண்பர்களோடு சேர்ந்து நடைபாதையில் போவோர் வருவோருக்கெல்லாம் வானத்தைக் காட்டும் குழுவைத் தொடங்கினார். இன்று 1,000 வெள்ளிக்குள் பெரிய தொலைநோக்கி கிடைப்பதற்கு அவர் ஒரு முக்கியக் காரணம்.

மறுமுனையில் இன்னொரு கதை. யான் செய்ன்டி, மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ராட்னர் என்ற மூன்று தொழில்முறை சாராத ஆர்வலர்கள் ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்துக்குப் பக்கத்தில் யாரும் அறிந்திராத பிரம்மாண்டமான ஆக்சிஜன் வாயு வளைவைக் கண்டுபிடித்தார்கள். அது பற்றிய தகவல் 2023இல் வெளியானது. பயன்படுத்திய 'டக்காஹாஷி' தொலைநோக்கியின் விட்டம் 106 மில்லிமீட்டர்தான். அதன் குழாய்க்கு மட்டுமே 6,000 வெள்ளிக்கு மேல் ஆகும். மலிவில்லை. ஆனால் காசு இருக்கும் பலரிடம் அதே கருவி இருக்கிறது. வித்தியாசம், அவர்கள் ஒரே இடத்தைப் பல இரவுகளில் 100 மணி நேரத்துக்கும் மேல் படமெடுத்ததுதான்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. எங்கே வைத்துப் பார்ப்பேன்? காரிடாரா, பூங்காவா, மெர்சிங்கா?
2. தனியாளாகத் தூக்கி மின்தூக்கியில் கொண்டுபோக முடியுமா?
3. வீட்டில் வைக்க இடம் இருக்கிறதா? அம்மாவிடம் கேட்டாச்சா?
4. கண்ணால் பார்க்கவா, படமெடுக்கவா? இரண்டுக்கும் ஒரே கருவி நன்றாக அமைவது அபூர்வம்.
5. மாதத்துக்கு எத்தனை தடவை எடுப்பேன்?

கடைசிக் கேள்விதான் உண்மையான விலையைச் சொல்லும். 1,000 வெள்ளித் தொலைநோக்கியை 10 தடவை பயன்படுத்தினால் ஒரு தடவைக்கு 100 வெள்ளி. 150 வெள்ளி பைனாகுலரை 100 தடவை எடுத்தால் ஒன்றரை வெள்ளி.

பழைய பொருளாக வாங்குவதும் நல்ல வழி. ஆசைப்பட்டு வாங்கி அலமாரியில் தூங்கும் தொலைநோக்கிகள் கரோசலில் அடிக்கடி வரும். நேரில் போய், வில்லையில் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அதற்கு முன், வானியல் குழுக்கள் நடத்தும் பொதுப் பார்வை நிகழ்ச்சி ஒன்றுக்குப் போய் மற்றவர்களின் கருவியில் கண் வைத்துப் பாருங்கள். எது பிடிக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்!

சூரியனைப் பார்க்க ஆசைப்பட்டால் தொலைநோக்கியின் முன்பக்கத்தில் பொருத்தும் தரமான சூரிய வடிகட்டி கட்டாயம். ஐபீஸில் திருகும் சின்னச் சூரிய வடிகட்டியைப் பயன்படுத்தவே கூடாது. சூட்டில் அது விரிசல் விட்டால் நொடியில் கண் போய்விடும். பைனாகுலருக்கும் இதே விதிதான். வடிகட்டி இல்லையென்றால் பகலில் சூரியன் பக்கம் திருப்பவே வேண்டாம்.