ஐந்து பட்டினங்களும் பஸ் நிற்காத ஆறாவதும்

"பி.காம் படிக்கிறவனுக்கு எதுக்குடா இடிஞ்ச கோட்டை?" என்று புலம்பிக்கொண்டேதான் நண்பன் என்னோடு கிளம்பினான். செங்கல்பட்டிலிருந்து ஒரு நாள் பஸ் டூர். மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், ஆலம்பரை, மரக்காணம், அரிக்கமேடு. திரும்பி வரும்போது திண்டிவனம் வழியாக ஜி.எஸ்.டி. சாலையில் வருவதால் என்னைப் படாளத்திலேயே இறக்கிவிடுவார்கள். காலை டிபன், மதியச் சாப்பாடு, ஒரு வழிகாட்டி. வழிகாட்டி ரிட்டயர்டு வரலாற்று வாத்தியார். கையில் மைக் இருந்தும் அதை ஒரு தடவைகூட ஆன் செய்யவில்லை. நாற்பது வருடம் வகுப்பறையில் கத்திய தொண்டைக்கு மைக் எதற்கு!

பஸ் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டும்போதே அவர் ஒரு கேள்வி கேட்டார். "இந்தக் கடற்கரையில இயற்கைத் துறைமுகம் எத்தனை?" ஆளாளுக்கு ஒன்று சொன்னோம். "ஒண்ணுகூடக் கிடையாது" என்றார். பம்பாய் மாதிரி உள்ளே வாங்கிய குடா நம் பக்கம் இல்லை. நேர்கோடு போட்ட மாதிரி கரை, அதில் விடாமல் அடிக்கிற அலை. பெரிய கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். மசுலா என்ற, ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகுகள்தான் அலையைக் கடந்து சரக்கையும் ஆளையும் கரை சேர்க்கும். சென்னையில் துறைமுகம் கட்டும்வரை இதுதான் கதை. கொஞ்சம் அமைதியான தண்ணீர் வேண்டுமென்றால் ஆற்று முகத்துவாரத்துக்குப் போகவேண்டும். ஆனால் வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கிறது. முகத்துவாரம் தூர்ந்துபோகும். வியாபாரி வேறு முகத்துவாரம் தேடிப் போவான். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் இங்கே ஏன் இத்தனை செத்துப்போன துறைமுகங்கள் என்பது புரிந்துவிடும். ராஜா தோற்றதால் மூடிய துறைமுகங்களைவிட மணல் மூடியவை அதிகம் இருக்கும் என்பது என் ஊகம்.

மாமல்லபுரத்தைப் பற்றி நான் புதிதாக எழுத ஒன்றுமில்லை, எல்லோரும் ஸ்கூல் டூரில் பார்த்ததுதான். ஆனால் சின்ன வயதில் அதைச் சிற்பக்கூடமாக மட்டுமே பார்த்திருக்கிறேன், துறைமுகமாகப் பார்த்ததே இல்லை. முதலாம் நரசிம்மவர்மன் 7ஆம் நூற்றாண்டில் மானவர்மனுக்கு இலங்கை அரியணையை மீட்டுத் தரக் கடற்படை அனுப்பியிருக்கிறான். கடற்கரைக் கோயிலைக் கட்டிய ராஜசிம்மன் 720இல் சீனாவுக்குத் தூது அனுப்பினான். கடல்மல்லையில் செல்வம் நிறைந்த கப்பல்கள் நிற்பதைத் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். குன்றின் மேல் இருக்கும் ஒலக்கண்ணேசுவரர் கோயில் பிற்காலத்தில் கலங்கரை விளக்கமாகவே பயன்பட்டிருக்கிறது. அதன் பக்கத்தில்தான் இப்போதைய கலங்கரை விளக்கம் நிற்கிறது. பஸ்காரர்கள் இங்கேயே இரண்டரை மணி நேரம் செலவழித்துவிட்டார்கள். அதில் ஒரு மணி நேரம் சங்கு வளையல் கடைகளில் போனது. (நண்பனின் அக்காவுக்கு இரண்டு வாங்கினோம், பேரம் பேசத் தெரியாமல் ஏமாந்தோம். காமர்ஸ் மாணவர்கள்!)

சதுரங்கப்பட்டினத்துக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தைத் தாண்டி இந்தப் பக்கம் எத்தனையோ முறை வந்தவர்கள்கூடப் போயிருக்கமாட்டார்கள். ஆங்கிலேயர் வாயில் இது சட்ராஸ். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இங்கே வந்தது துணிக்காக, முக்கியமாக மஸ்லினுக்காக. செங்கல் கோட்டை, தானியக் கிடங்கு, உள்ளேயே கல்லறைகள். கல்லறைப் பலகைகளில் மண்டை ஓடும் எலும்பும் அத்தனை நுணுக்கமாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஊரைவிட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி துணி வாங்க வந்து, இங்கேயே புதைந்து போனவர்கள். 1782 பிப்ரவரி 17 அன்று இந்தக் கோட்டைக்கு எதிரே கடலில் இங்கிலாந்தின் ஹியூஸும் பிரான்சின் சஃப்ரனும் மோதிக்கொண்டார்கள். கடைசியில் 1824 ஒப்பந்தத்தில் டச்சுக்காரர்கள் இந்தியாவில் வைத்திருந்த எல்லா இடங்களையும் ஆங்கிலேயருக்கே விட்டுக்கொடுத்துவிட்டார்கள். டச்சுக் கம்பெனி ஒவ்வொரு மூட்டைக்கும் கணக்கு எழுதும். அந்தக் காகிதங்கள் இன்றும் ஹாலந்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. "அந்தத் துணியை நெய்தவன் வீட்டுக் கணக்கு எங்கே சார்?" என்று கேட்டேன். வாத்தியார் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அரிக்கமேட்டுல இதையே கேளு தம்பி" என்றார்.

அங்கிருந்து கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் ஈ.சி.ஆரில் பாலாற்றுப் பாலம் வந்தது. பஸ் வேகம் குறைக்கவே இல்லை. பாலத்தின் பாதியில் வாத்தியார் கடல் பக்கம் கையைக் காட்டி, "அங்கதான் வசவசமுத்திரம். ரோமானிய ஜாடி கிடைச்ச ஊர். நம்ம லிஸ்ட்ல இல்ல" என்றார். அவ்வளவுதான், பாலம் முடிந்துவிட்டது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாலாறு என் ஆறு. தினமும் காலேஜுக்கு ரயிலில் போகும்போது செங்கல்பட்டுக்கு முன்னால் தாண்டுகிற ஆறு. எனக்குத் தெரிந்து அதில் ஓடியது தண்ணீரைவிட லாரிகள்தான் அதிகம். எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல என்னிடம் இதுவரை இருந்தது சர்க்கரை ஆலை ஒன்றுதான். அந்த ஆறு கடலில் சேரும் இடத்தில், என் வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில், ஒரு பழைய துறைமுகம் இருந்தது எனக்கு இருபது வயதுக்கு மேல் பஸ் ஜன்னல் வழியாகத் தெரிகிறது!

ஆலம்பரை வரும்வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். 1970ஐ ஒட்டித் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே தோண்டியது. இரா. நாகசாமியும் அப்துல் மஜீதும் எழுதிய அறிக்கை 1978இல் வந்தது. உறைகிணறுகள், செங்கல் தொட்டிகள், ஆம்போரா ஜாடியின் உடைசல்கள், உள்பக்கம் புள்ளி புள்ளியாக வட்டக் கோடு போட்ட தட்டுகள் கிடைத்தன. ஆம்போரா என்றால் இரண்டு கைப்பிடியும் கூரிய அடியும் கொண்ட ஜாடி. கப்பலில் மது, எண்ணெய் எல்லாம் ஏற்றி வர மத்தியதரைக் கடல்காரர்கள் பயன்படுத்தியது. ஆற்றின் மேலே போனால் காஞ்சிபுரம். ஆக, காஞ்சியின் கடல் வாசல்களில் ஒன்று இது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ராபர்ட்டா டாம்பர் என்ற ஆய்வாளர் இந்தியாவில் கிடைத்த ஆம்போரா ஓடுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, ரோமானியம் என்று எழுதி வைத்திருந்தவற்றில் பல உண்மையில் பாரசீக வளைகுடாப் பக்கத்து ஜாடிகள், உள்ளே தார் பூசியவை, என்று தெரிந்தது. ஆகவே மண்ணில் ஜாடி ஓடு கண்டாலே ரோம் என்று குதிக்கக்கூடாது. எனக்கு இதில் வருத்தமில்லை. வாடிக்கையாளர் ரோம் மட்டுமல்ல, ஈராக், ஈரான் பக்கமும் இருந்தார்கள் என்றால் வியாபாரம் இன்னும் பெரியதுதானே.

ஆலம்பரைக் கோட்டை கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில். நவாப் காலத்தில் கட்டியது. 1750இல் டூப்ளேயிடம் வந்தது, 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். இங்கே நாணயச் சாலை இருந்தது. 2004 சுனாமியும் தன் பங்குக்குச் சுவரைப் பெயர்த்திருக்கிறது. நாங்கள் போனபோது இடிந்த சுவர் மேல் உட்கார்ந்து ஒரு ஜோடி கல்யாண போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. மரக்காணத்தில் பஸ் டீக்கு நின்றதோடு சரி. உப்பளங்களைப் பார்த்தபடி குடித்தோம். 1ஆம் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய 'எரித்ரியக் கடல் பயணக் கையேடு' இந்தக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைகளை வரிசையாகச் சொல்கிறது. சோபட்மா மரக்காணம்தான், சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினமும் இதுவே என்று பலர் கருதுகிறார்கள். பொதுகேதான் எங்கள் கடைசி நிறுத்தம்.

அரிக்கமேடு புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது. போனால் முதலில் கண்ணில் படுவது இரண்டு செங்கல் தூண்கள். எல்லோரும் அதன் முன்னால் நின்று "ரோமானியக் கட்டடம்" என்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அது 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய வீட்டின் மிச்சம்! ரோமானியச் சமாச்சாரம் எல்லாம் காலுக்குக் கீழே, மூடிய மண்ணுக்குள் இருக்கிறது. மார்ட்டிமர் வீலர் 1944இல் சென்னை மியூசியத்தில் ஒரு ஆம்போராத் துண்டைப் பார்த்து அதிர்ந்துபோய், அது கிடைத்த ஊரைத் தேடி இங்கே வந்தார். 1945இல் தோண்டினார். கிடங்கு என்று அவர் கருதிய நீண்ட கட்டடம், சாயத் தொட்டிகள், இத்தாலியில் செய்து முத்திரை குத்திய அரிட்டைன் தட்டுகள் வெளியே வந்தன. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மறுபடி தோண்டி, இது ரோமானியர் வந்து தொடங்கிய ஊர் அல்ல, அவர்களுக்கு முன்பே இங்கே மக்கள் வாழ்ந்தார்கள் என்று காட்டினார். மணி செய்தவர்கள் நம் ஆட்கள். ஜாடியில் மதுவும் ஆலிவ் எண்ணெயும் மீன் சாறும் வந்தன. (மீன் சாறு, கருவாட்டுக் குழம்பு நாட்டுக்கு! யார் வாங்கினார்களோ.)

அங்கே மரத்தடியில் உட்கார்ந்து, சதுரங்கப்பட்டினத்தில் கேட்டதை மறுபடி கேட்டேன். வாத்தியார் பதில் சொல்லாமல் ரோம் பக்கத்துக் கணக்குகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். இனி வருவது காமர்ஸ் மாணவர்களுக்கு.

பிளினி என்ற ரோமானியர் 77ஆம் ஆண்டு வாக்கில் எழுதுகிறார்: வருடத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறதாம். அப்போது ஒரு ரோமானியப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டர்ஸ். வகுத்துப் பாருங்கள், 55,000 வீரர்களின் வருடச் சம்பளம். இன்று பட்ஜெட் வாரத்தில் டிவியில் தங்க இறக்குமதியைப் பற்றிப் புலம்புவது போலவே இருக்கிறது. ஸ்ட்ராபோ, எகிப்தின் ஒரே துறைமுகத்திலிருந்து வருடம் 120 கப்பல் இந்தியாவுக்குக் கிளம்புவதாகச் சொல்கிறார். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது வியன்னாவில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் தாள், 1985இல் பதிப்பித்தார்கள். 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒரு பக்கம் முசிறி வியாபாரத்துக்கான கடன் பத்திரம்: பணம் கட்டாவிட்டால் சரக்கு கடன் கொடுத்தவனுக்கு. மறுபக்கம் 'ஹெர்மபோலன்' என்ற கப்பலின் சரக்குப் பட்டியல்: கங்கைச் சடாமாஞ்சி 60 பெட்டி, யானைத் தந்தம்... 25 சதவீதச் சுங்கம் கழித்தபிறகும் மதிப்பு ஏறக்குறைய 70 லட்சம் செஸ்டர்ஸ். அடமானம், சுங்கம், மதிப்பீடு, எல்லாம் நான் செமஸ்டரில் எழுதுகிற விஷயங்கள்தான்.

ஆனால் இவை எல்லாமே வாங்கியவன் பக்கத்து நோட்டு. இரட்டைப் பதிவு முறையில் ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு இருக்கவேண்டும் என்று முதல் வருடம் முதல் வகுப்பில் சொல்லித் தந்தார்கள். ரோமின் பற்று நம்முடைய வரவு. அந்த வரவு நோட்டு எங்கே? ஓலையில் எழுதியிருந்தால் கரையான் தின்றிருக்கும். மிஞ்சியது பானை ஓட்டில் கீறிய பெயர்கள்தான். எகிப்தின் பெரனிகேயில் ஒரு ஓட்டில் 'கொற்ற பூமான்', குசேர் அல் கதீமில் 'கணன்', 'சாதன்', தமிழ் பிராமியில். இங்கிருந்து போய் அங்கே பானை வைத்துப் புழங்கியவர்கள். அவர்கள் எவ்வளவு சம்பாதித்தார்கள், சரக்கு கொடுத்த உள்ளூர்க்காரனுக்கு எவ்வளவு போனது என்று ஒரு வரி கிடையாது. "இருந்தா மண்ணுக்குள்ளதான் இருக்கணும்" என்றார் வாத்தியார். மண்ணைப் பார்த்தேன். ஆற்றோரம் கரை சரிந்து, சரிவில் செங்கல் துண்டுகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அரிக்கமேட்டை ஆறு தின்கிறது, ஆலம்பரையைக் கடல் தின்கிறது. பாலாற்றை என்ன தின்கிறது என்று உங்களுக்கே தெரியும். பானை ஓட்டுக்கும் மணலுக்கும் ஜே.சி.பி.க்கு வித்தியாசம் தெரியாது.

டூர்க்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் நியாயமான கோபமா என்று தெரியவில்லை. வசவசமுத்திரத்தில் இறக்கிவிட்டால் காட்ட என்ன இருக்கிறது, தூணா, கோபுரமா? கொடுத்த காசுக்கு எங்கே என்று கேட்கிற முதல் ஆள் என் நண்பனாகத்தான் இருப்பான். மூடிய குழியைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்கமாட்டார்கள். யாரும் பார்க்காத இடத்தில் என்ன தோண்டினாலும் யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

இரவு ஒன்பதே முக்காலுக்குப் படாளம் கூட்டுரோட்டில் இறங்கினேன். தாத்தா திண்ணையில் விழித்துக்கொண்டிருந்தார். பிளினி, 5 கோடி, ஜாடி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிடா, மூட்டை தூக்கினவனுக்கு என்ன கூலி குடுத்தானாம்?" என்றார். ஒரு நாள் முழுக்க நான் சுற்றிச் சுற்றிக் கேட்டதை அவர் ஒரு வரியில் கேட்டுவிட்டார். சர்க்கரை ஆலையில் மூட்டை தூக்கியவர் அவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வயலூர் போய், அங்கிருந்து முகத்துவாரம் வரை நடப்பதாக இருக்கிறேன். பாலாறு கடலில் சேருவதைத் தாத்தாவும் பார்த்ததில்லையாம், கூட வருகிறார்.