மறுபடி ஏறிய கப்பல்: யாழ்ப்பாண, மதுரை அமெரிக்க மிஷன் குடும்பங்களின் வாழ்க்கைமுறை மாற்றம் (1816–1901)

அமெரிக்க மிஷன் என்றதும் நாம் அகராதியையும் அச்சகத்தையும் பள்ளியையும்தான் பேசுகிறோம். அந்த வேலைகளைச் செய்தவர்களில் பெரும்பாலோர் மனைவி மக்களோடு வந்தவர்கள். அவர்கள் எங்கே குடியிருந்தார்கள், பிள்ளைகளை எங்கே வளர்த்தார்கள், நோயுற்றபோது எங்கே போனார்கள் என்பதை நம் ஆய்வுகள் அடிக்குறிப்புக்குத் தள்ளிவிட்டன. அந்தக் கேள்விகளே மிஷனின் போக்கைப் பல இடங்களில் திருப்பிவிட்டன என்பது இக்கட்டுரையின் வாதம். குடும்பத்தைக் காக்க அவர்கள் செய்துகொண்ட ஒவ்வோர் ஏற்பாட்டுக்கும் பின்னால் ஒரு சாவோ பிரிவோ இருந்தது.

1815 அக்டோபரில் மாசசூசெட்ஸின் நியூபரிபோர்ட் துறைமுகத்திலிருந்து ‘டிரையட்’ என்ற கப்பல் புறப்பட்டது. அது கொழும்பை அடைந்தது 1816 மார்ச்சில். அதில் வந்தவர்களில் டேனியல் பூர், எட்வர்ட் வாரன் ஆகியோர் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையிலும், பெஞ்சமின் மெய்க்ஸ், ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் ஆகியோர் வட்டுக்கோட்டையிலும் தங்கள் நிலையங்களை அமைத்தார்கள். அங்கே இருந்தவை போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பயன்படுத்திக் கைவிட்ட தேவாலயங்களும் பாதிரி வீடுகளும். வட்டுக்கோட்டைக் கோயிலுக்குச் சுவர்தான் மிச்சம், கூரை இல்லை. உறைபனி விழும் நியூ இங்கிலாந்தில் வளர்ந்தவர்கள், பனைகளுக்கு நடுவே ஓர் இடிந்த வளவைச் செப்பனிட்டு இல்லறம் தொடங்கினார்கள்.

விடுப்பில் ஊர் திரும்புவது என்ற வழக்கம் அப்போது இல்லை. வந்தால் ஆயுளுக்கும்தான் என்று எண்ணியே வந்தார்கள். ஊருக்குக் கடிதம் எழுதிப் பதில் பெற ஏறக்குறைய ஓராண்டு ஆகும். வாரன் 1818-இல் உடல்நலம் தேடிப் போன கேப் டவுனிலேயே இறந்தார். பூரின் மனைவி சூசன் 1821-இலும், ரிச்சர்ட்ஸ் 1822-இலும் இறந்தார்கள். 1819-இல் புறப்பட்ட இரண்டாம் குழுவில் மைரன் வின்ஸ்லோ, லீவை ஸ்பால்டிங், ஹென்றி உட்வர்ட், மருத்துவர் ஜான் ஸ்கடர் ஆகியோர் மனைவியரோடு வந்தார்கள். ஸ்கடர் குடும்பம் பண்டத்தரிப்பில் குடியேறியது.

இதற்குமேல் ஆள் வரவில்லை. 1820-இல் இலங்கையின் பிரிட்டிஷ் அரசு புதிய அமெரிக்க மிஷனரிகள் வருவதைத் தடுத்தது. அச்சுவேலைக்கென்று வந்த ஜேம்ஸ் காரட்டையும் திருப்பி அனுப்பியது. தடை 1833 வரை நீடித்தது. இதன் விளைவைக் குடும்பத்தின் பக்கமிருந்து பார்க்க வேண்டும். ஒருவர் நோயில் விழுந்தால் அவருடைய நிலையத்தை ஏற்க மாற்றாள் கிடையாது. பதின்மூன்று ஆண்டுகள் சில வீடுகளே பள்ளி, மருந்து, போதனை ஆகிய எல்லாவற்றையும் சுமந்தன. அந்தச் சுமையில் பெரும்பங்கு பெண்களுடையது. வின்ஸ்லோவின் மனைவி ஹாரியட் 1824-இல் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளியை மிஷன் நிறுவனம் என்று மட்டும் பார்ப்பது போதாது. குடும்பமும் பள்ளியும் ஒரே வளவில் ஒரே பெண்ணின் பொறுப்பில் நடந்தன.

பிள்ளைகள் விஷயத்தில்தான் இந்த வாழ்க்கை மிகக் கடுமையானது. குழந்தைப் பருவம் கடந்தவர்களைப் படிப்புக்காகக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். மறுபடி பார்ப்போமா என்பது பெற்றோருக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. வின்ஸ்லோ தம்பதியரின் மகன் சார்ல்ஸ் அப்படி அனுப்பப்பட்டு, 1832-இல் நியூயார்க்கில் இறந்தான். அடுத்த ஆண்டு ஜனவரியில் தாய் ஹாரியட் யாழ்ப்பாணத்தில் இறந்தார். மிஷன் வரலாற்றில் இதைப் பக்திக் கதையாக எழுதுவார்கள். எனக்கு இது வேறு விதமாகப் படுகிறது. பிள்ளையைக் காப்பதற்கென்று இருந்த ஒரே வழியும் காக்கவில்லை என்பதை இந்த ஒரு குடும்பத்தின் கதை காட்டிவிடுகிறது.

தடை நீங்கியதும் 1833-இல் புதியவர்கள் வந்தார்கள். ஆட்கள் கூடியதால் 1834-இல் கடல் தாண்டி மதுரையில் மிஷன் தொடங்க முடிந்தது. மதுரையில் யாழ்ப்பாணத்தின் கடற்காற்றும் இல்லை. வெயிலும் வாந்திபேதியும் முதல் பத்தாண்டுகளுக்குள் பலரை வாரிக்கொண்டுபோயின. மாண்டவர் போக, உடல் நொந்து ஊர் திரும்பியவர்களும் உண்டு. மிஷனே நிலைக்குமா என்ற கேள்வி எழுந்தபோது மலையைத் தேடினார்கள். முதலில் திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலை. அங்கே காய்ச்சல் அவர்களை விரட்டியது. அடுத்தது பழனிமலையின் மேற்பரப்பு. 1821-இலேயே லெப்டினன்ட் வார்டு அளந்து பார்த்த இடம் அது. ஏறத்தாழ 7,000 அடி உயரம். 1845-இல் ‘சன்னிசைடு’, ‘ஷெல்டன்’ என்ற இரண்டு பங்களாக்கள் எழுந்தன. அவ்வாண்டு ஜூனில் மிஷன் குடும்பங்கள் அங்கே குடிபுகுந்தன. இன்றைய கோடைக்கானல் நகரம் இந்த இரண்டு வீடுகளிலிருந்து வளர்ந்தது. உதகை போன்ற மலைவாசத் தலங்களை அரசாங்க அதிகாரிகள் உருவாக்கினார்கள். கோடைக்கானலைத் தொடங்கியவை நோய்க்கு அஞ்சிய மிஷன் குடும்பங்கள். இந்த வேறுபாட்டுக்கு மலைவாசத் தலங்களின் வரலாற்றில் உரிய இடம் தரப்பட வேண்டும்.

மலை ஆளில்லாத இடமல்ல. வில்பட்டியும் பூம்பாறையும் அதற்கு வெகு முன்பே ஊர்கள். பளியரும் மன்னாடியாரும் அங்கே வாழ்ந்தவர்கள். மேலே போய்ச் சேர்வதும் தமிழர் தோள்களின் மேல்தான் நடந்தது. 1870-களில் ரயில் மதுரைக்கு வந்த பிறகுகூட, அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்கி மாட்டுவண்டியில் இரவெல்லாம் போய், பெரியகுளத்தைக் கடந்து மலையடிவாரத்திலுள்ள கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பை அடைய வேண்டும். அங்கிருந்து ஏறக்குறைய 12 மைல் ஒற்றையடிப் பாதை. நடக்க முடிந்தவர்கள் நடந்தார்கள், சிலர் மட்டக்குதிரையில் ஏறினார்கள். பெண்களையும் குழந்தைகளையும் நோயாளிகளையும் நாற்காலியிலும் டோலியிலும் வைத்துக் கூலியாட்கள் தூக்கிப் போனார்கள். தகரப்பெட்டி, மெத்தை, மாவு மூட்டை எல்லாம் தலைச்சுமை. கீழே வியர்த்துக் கொட்டிய அந்த ஆட்கள் மேலே போனதும் ஒரு கம்பளிகூட இல்லாமல் குளிரில் நின்றார்கள். மோட்டார் போகும் மலைப்பாதை 20-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில்தான் வந்தது. அதுவரை ஒவ்வொரு கோடையிலும் இதே ஏற்றம், இதே இறக்கம்.

மலை உயிரைக் காத்தது, ஐயமில்லை. ஆனால் இப்போது குடும்பம் ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு வாழ்க்கைகளுக்கிடையே மாற வேண்டியிருந்தது. கடல் கடந்து போய் வந்தவர்களுக்கோ மாற்றம் இன்னும் பெரிது. டேனியல் பூர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் இருந்துவிட்டு 1848-இல் அமெரிக்கா போனார். திரும்பி வந்து மானிப்பாயில் பணியைத் தொடர்ந்தார். 1855 பிப்ரவரியில் வாந்திபேதி அவரைக் கொண்டுபோனது. யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு மாறியிருந்த ஸ்கடர் தம்பதியர் 1842-இல் அமெரிக்கா சென்று சில ஆண்டுகள் தங்கி மீண்டும் சென்னை வந்தார்கள். ஹாரியட் ஸ்கடர் 1849-இல் சென்னையில் இறந்தார். ஜான் ஸ்கடர் 1855-இல் கேப் நாட்டின் வைன்பர்க்கில் இறந்தார். முதல் வருகைக்குத் துணிவு மட்டும் போதும். எல்லாம் தெரிந்த பிறகு மறுபடி கப்பலேறுவதை அதைவிடப் பெரிய செயலாக நான் மதிக்கிறேன். அவர்களுக்கு அந்த வெயிலும் தெரியும், அந்தக் கல்லறைகளும் தெரியும்.

இரண்டாம் தலைமுறைக்கு அந்நியம் எது என்பதே மாறிப்போகிறது. பண்டத்தரிப்பில் 1822-இல் பிறந்த ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் சிறுவயதில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். பழகிக்கொள்ள வேண்டிய வெளிநாடு அவருக்கு அமெரிக்காதான். 1844-இல் மிஷனரியாகத் திரும்பியவர், பின்னர் ஆற்காடு மிஷனை நிறுவினார். அவருடைய சகோதரர்கள் பலரும் அதே வழியில் வந்தார்கள். மதுரையில் 1849-இல் பிறந்த ஜான் சாண்ட்லர் அமெரிக்காவில் படித்துவிட்டு 1873-இல் மதுரை திரும்பினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிப் பணி 1913-இல் தொடங்கியபோது அதன் முதல் பதிப்பாசிரியர் அவரே. மிஷன் வளவில் ஆயா, வேலைக்காரர், அவர்களுடைய பிள்ளைகள் ஆகியோருக்கிடையே வளர்ந்தவர்களுக்குத் தமிழ் பாடப்புத்தகத்துக்கு முன்பே காதில் விழுந்த மொழி. இந்தப் பிள்ளைப்பருவத்தைக் கணக்கில் கொள்ளாமல் சாண்ட்லரின் அகராதிப் பணியை மதிப்பிட முடியாது.

1901-இல் கோடைக்கானலில் ஹைகிளர்க் என்ற இல்லத்தில் மிஷனரிப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி தொடங்கியது. மார்கரெட் எடி தலைமையில் 13 மாணவர்கள். இன்றைய கோடைக்கானல் பன்னாட்டுப் பள்ளியின் தொடக்கம் இது. சார்ல்ஸ் வின்ஸ்லோ போலப் பத்துப் பன்னிரண்டு வயதில் பிள்ளையைக் கடலுக்கு அப்பால் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் கட்டாயம் தளர்ந்தது. கோடையில் பெற்றோரே மலைக்கு வந்து பிள்ளைகளோடு தங்க முடிந்தது. இதை எய்த மிஷன் குடும்பங்களுக்கு 85 ஆண்டுகள் பிடித்தன. அதே வேளையில், ஆங்கிலமே பேசும் மலைப்பள்ளியில் ஆண்டின் பெரும்பகுதியைக் கழித்த பிள்ளைக்கு, சாண்ட்லருக்கு மதுரைத் தெருவும் வளவும் கொடுத்த தமிழ் கிடைக்க வழி குறைந்தது என்றே கருதுகிறேன். உயிரச்சம் தணிந்த 20-ஆம் நூற்றாண்டில் மிஷன் வீடுகளில் பிறந்தவர்களின் தமிழை, அவர்களுக்கு முந்தைய தலைமுறையின் தமிழோடு ஒப்பிட்டு ஆராய வேண்டும்.