கம்பிக்குப் பின்னால் ஒரு வாத்தியார்

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கி சிப்காட் பக்கம் நடந்தால், டீக்கடைக்கு டீக்கடை பாஷை மாறும். தமிழ், எல்லை தாண்டி வந்த தெலுங்கு, லேத் பட்டறையில் இந்தி, பக்கத்து ஷெட்டில் ஒடியா. இந்தக் கூட்டத்தில் ஜப்பானும் எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டது. 1998-ல் திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் இருந்துதான் மிட்சுபிஷி லான்ஸர் கார்கள் ரோட்டுக்கு வந்தன. அந்தத் தொழிற்சாலை பிறகு கைமாறி, பிரெஞ்சு சித்ரோன் கார்களுக்குப் போய்விட்டது. ஆனால் ஜப்பான் போகவில்லை. கும்மிடிப்பூண்டி பக்கம் மஹிந்திராவும் ஜப்பானின் சுமிட்டோமோவும் சேர்ந்து ஒரு தொழிற்பூங்கா கட்ட, யான்மார் மாதிரி கம்பெனிகள் அங்கே இடம் பிடித்தன.

ஆக, ஜப்பான்காரர் இங்கே வருகிறார். நம்ம பிள்ளைகள் அவர் கம்பெனியில் சேருவதற்காக ஜப்பானிய மொழி படிக்கிறார்கள். இதெல்லாம் தெரிந்த கதைதான்.

கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுவோம். ஜப்பான் பள்ளிக்கூடங்களில் இங்கிலீஷ் சொல்லித்தர ஆள் எடுக்கிறார்கள். உதவி ஆசிரியர் வேலை. திருவள்ளூர் மாவட்டத்துப் பையனோ பெண்ணோ அதற்கு மனு போட முடியுமா?

'அதெல்லாம் வெள்ளைக்காரனுக்குத்தான் சார்' என்று சட்டென்று சொல்லிவிடுவோம். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை.

முதலில் ஒன்று. ஜப்பானுக்கு மொழி சொல்லித்தர வெளியூர் வாத்தியார் போவது புதுசு இல்லை. கி.பி. 736-ல் போதிசேனர் என்கிற இந்தியத் துறவி சீனா வழியாக ஜப்பான் போய்ச் சேர்ந்தார். மதுரைக்காரர் என்று சொல்வோரும் உண்டு. அங்கே சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தார். 752-ல் நாரா நகரத்துப் பெரிய புத்தர் சிலைக்குக் கண் திறந்தவர் அவர்தான். ஜப்பானியக் குழந்தைகள் இன்றைக்கும் அரிச்சுவடியை அ, இ, உ, எ, ஒ என்று ஆரம்பித்து, க, ச, த, ந என்று தொடர்கிறார்கள். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? பௌத்தத்தோடு கப்பலேறிய இந்திய எழுத்து வரிசையின் தடம் அது.

இங்கிலீஷ் கதை அதற்கு ஆயிரம் வருஷம் கழித்து, ஒரு பயத்தில் ஆரம்பிக்கிறது.

1808. நாகசாகி துறைமுகம். அப்போது ஜப்பான் கதவைச் சாத்திக்கொண்டிருந்த தேசம். ஐரோப்பியர்களில் டச்சுக்காரர்களுக்கு மட்டும்தான் அனுமதி. அங்கே டச்சுக் கொடியைப் பறக்கவிட்டபடி ஒரு கப்பல் நுழைந்தது. வரவேற்கப் போனால், அது ஃபேட்டன் என்கிற பிரிட்டிஷ் போர்க்கப்பல்! 'சாப்பாடு கொடு, தண்ணீர் கொடு' என்று மிரட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டது. தடுக்க முடியாத அவமானத்தில் நாகசாகி மாஜிஸ்திரேட் வயிற்றைக் கிழித்துக்கொண்டு செத்தார்.

அதன் பிறகுதான் அரசாங்கத்துக்கு உறைத்தது. டச்சு மொழிபெயர்ப்பாளர்களைக் கூப்பிட்டு, 'இங்கிலீஷ் படியுங்கள்' என்று உத்தரவு போட்டார்கள். யாரிடம் படிப்பது? டச்சுக்காரரிடம். அவர்களுக்குக் கிடைத்தது டச்சு உச்சரிப்பில் ஒரு இங்கிலீஷ். நாற்பது வருஷம் அப்படியே ஓடியது.

1848-ல் வந்தார் ரானல்ட் மெக்டொனால்ட்.

ராஜ மரியாதையோடு இல்லை. அமெரிக்கத் திமிங்கிலவேட்டைக் கப்பலில் வேலை செய்துகொண்டிருந்தவர், வடக்கு ஜப்பானை ஒட்டி வந்தபோது ஒரு சின்னப் படகில் தனியே இறங்கிவிட்டார். கப்பல் உடைந்து கரை ஒதுங்கியவன் என்று நம்பவைக்க, படகை வேண்டுமென்றே கவிழ்த்துக்கொண்டார். இருபத்து நாலு வயசு. அப்பா ஸ்காட்லாந்துக்காரர். அம்மா, சினூக் என்கிற அமெரிக்கப் பழங்குடியின் தலைவர் மகள். கொஞ்சம் கவனியுங்கள். இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசிக்கொண்டு ஜப்பானில் பாடம் எடுத்த முதல் ஆளாகச் சொல்லப்படுகிறவர் பாதி ஸ்காட்டிஷ், பாதி பழங்குடி.

அனுமதியில்லாமல் நுழைந்ததால் பிடித்தார்கள். நாகசாகிக்குக் கொண்டுபோய் மரக்கம்பி போட்ட அறையில் அடைத்தார்கள். அங்கேதான் பள்ளிக்கூடம் தொடங்கியது. பதினாலு மொழிபெயர்ப்பாளர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் உரக்கப் படிக்க, கம்பிக்குப் பின்னால் இருந்தவர் உச்சரிப்பைத் திருத்தினார். 'எல்' என்ற ஒலிக்கு அவர்கள் நாக்கு மடங்க மறுத்ததைக் குறித்து வைத்திருக்கிறார். சம்பளம் கிடையாது. சான்றிதழ் கிடையாது. சுமார் ஏழு மாதப் பாடம். 1849-ல் அமெரிக்கக் கப்பல் ஒன்று வந்து அவரை மீட்டுக்கொண்டு போனது.

அந்த வகுப்பில் கெட்டிக்கார மாணவர் மோரியாமா எய்னோசுகே. 1854-ல் அமெரிக்காவின் கமடோர் பெர்ரியோடு ஜப்பான் ஒப்பந்தம் போட்டபோது, பேச்சுவார்த்தையில் மொழிபெயர்ப்பாளராக நின்றவர் இவர்தான். சிறையில் கற்ற பாடம், தேசத்தின் கதவு திறக்கும்போது பக்கத்தில் இருந்தது.

1868-ல் மெய்ஜி ஆட்சி வந்தது. இப்போது நிலைமை தலைகீழ். அந்நியனைப் பிடித்துச் சிறையில் போட்டவர்கள், சம்பளத்தை அள்ளிக்கொடுத்துக் கூப்பிட ஆரம்பித்தார்கள். இன்ஜினீயர், டாக்டர், வக்கீல், வாத்தியார் எல்லோரும் வந்தார்கள். அப்படி 1890-ல் மாட்சுவே என்கிற சின்ன ஊரின் நடுநிலைப் பள்ளிக்கு இங்கிலீஷ் வாத்தியாராக வந்தவர் லஃப்காடியோ ஹெர்ன். மாதச் சம்பளம் 100 யென். உள்ளூர் வாத்தியாருக்குக் கனவிலும் கிடைக்காத தொகை.

இவர் யார்? பிறந்தது கிரேக்கத் தீவொன்றில். அம்மா கிரேக்கப் பெண், அப்பா அயர்லாந்துக்காரர். காலேஜ் வாசலை மிதிக்காதவர். அமெரிக்கப் பத்திரிகைகளில் எழுதிப் பிழைத்தவர். ஜப்பானியப் பெண்ணைக் கல்யாணம் செய்து, 1896-ல் கொய்சுமி யாகுமோ என்று பெயர் மாற்றி, ஜப்பான் பிரஜையாகவே ஆகிவிட்டார். அதே வருஷம் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கவும் போனார். 1903-ல் அங்கிருந்து அவரை அனுப்பிவிட்டு, அந்த நாற்காலியில் லண்டனில் படித்துத் திரும்பிய ஜப்பானியர் ஒருவரை உட்காரவைத்தார்கள். பெயர் நட்சுமே சோசெகி. பின்னாளில் ஜப்பானின் மிகப் பெரிய நாவலாசிரியர். ஆயிரம் யென் நோட்டில் படம் போட்டார்களே, அவரேதான்.

செலவு பிடிக்கும் வெளிநாட்டு வாத்தியார் போய், உள்ளூர் வாத்தியார் வந்தார். நல்ல விஷயம்தான். ஆனால் போகப் போகப் பாடம் பேச்சை விட்டுவிட்டுப் பரீட்சையைப் பிடித்துக்கொண்டது. வாக்கியத்தை எடு, இலக்கணத்தைப் பிரி, ஜப்பானியத்தில் மொழிபெயர், மார்க் வாங்கு. இரண்டாம் உலகப் போரில் இங்கிலீஷ் எதிரி பாஷையானது. போர் முடிந்து அமெரிக்கர்கள் வந்த பிறகு மறுபடி பள்ளிக்கூடம் எங்கும் இங்கிலீஷ். ஆனாலும் ஆறு வருஷம் படித்த பிள்ளை, எதிரே ஒரு வெள்ளைக்காரர் வந்து வழி கேட்டால் வேர்த்து விறுவிறுத்துப்போகும். ஆங்கிலப் பரீட்சையில் தொண்ணூறு வாங்கிவிட்டு இன்டர்வியூவில் வாயடைத்துப்போகும் நம்ம பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1980-களில் ஜப்பான் காரும் டிவியும் அமெரிக்கச் சந்தையை நிறைத்தன. 'விற்க மட்டும் வருகிறாய், உன் வீட்டுக்குள் யாரையும் விடமாட்டேன் என்கிறாய்' என்று வாஷிங்டன் முறைத்தது. அந்த நெருக்கடிக் காலத்தில், 1987-ல் பிறந்ததுதான் ஜெட் திட்டம். முதல் வருஷம் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என நாலே நாடுகள், 848 பேர். இன்றைக்கு வருஷத்துக்கு 5,000 பேருக்கு மேல், 50-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருந்து. ஜமைக்கா உண்டு, தென்னாப்பிரிக்கா உண்டு, பிலிப்பைன்ஸ் உண்டு, சிங்கப்பூர் உண்டு. இந்தியாவும் பட்டியலில் இருக்கிறது. ஆனால் போகிறவர்கள் சொற்பம். பாதிக்குப் பாதி அமெரிக்கர்கள்தான்.

மனு போடுவது எப்படி? ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். பி.எட். கட்டாயமில்லை. உதவி ஆசிரியர் வேலைக்கு ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. ஏன் ஜப்பான் போக ஆசைப்படுகிறாய் என்று ஒரு கட்டுரை, இரண்டு பேரின் சிபாரிசுக் கடிதம், பிறகு தூதரகத்தில் நேர்முகத் தேர்வு. ஒப்பந்தம் ஒரு வருஷம். இரண்டு தரப்புக்கும் பிடித்திருந்தால் ஐந்து வருஷம் வரை நீளும். டோக்கியோவின் விளக்கு வெளிச்சமா, பனி கொட்டும் மலைக்கிராமமா என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். வகுப்பில் தனி ராஜாங்கமும் கிடையாது. ஜப்பானிய ஆசிரியர் பக்கத்தில் நிற்க, இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் பாடம். முக்கியமான விஷயம், மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 'ஜெட் வேலை வாங்கித் தர்றேன், இவ்வளவு ஆகும்' என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இந்தத் திட்டத்துக்கு வெளியேயும் வழி உண்டு. பல ஊர்க் கல்வி வாரியங்கள் நேரடியாகவோ, ஆள் அனுப்பும் கம்பெனிகள் மூலமாகவோ உதவி ஆசிரியர்களை எடுக்கின்றன. 2020 முதல் ஐந்தாம், ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷ் முறையான பாடமே ஆகிவிட்டது. மூன்றாம் வகுப்பிலேயே பேச்சும் விளையாட்டுமாக ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆள் தேவை.

இந்த வழியில் ஒரு முள் இருக்கிறது. இப்படி வேலைக்குப் போகிறவர்களுக்கான விசா விதி, பட்டத்தோடு இன்னொன்றும் கேட்கிறது. எந்த மொழியைச் சொல்லித்தரப் போகிறாயோ, அந்த மொழி வழியாக 12 வருஷம் படித்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு வருஷம்! நம்ம ஊர்க் கணக்கில் ஒன்றாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை. ஃபீஸ் கட்டி மெட்ரிக்குலேஷனில் படித்த பிள்ளை அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். அதே தெருவில், அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்து, பிறகு பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் தங்க மெடலே வாங்கியிருந்தாலும், அந்தப் பிள்ளை பள்ளிக்கூட வருஷங்களைக் காட்டி இந்த விதியைத் தாண்ட முடியாது. விதி அளப்பது எத்தனை வருஷம், எந்த மீடியம் என்பதைத்தான். எப்படிப் பேசுகிறது, எப்படிச் சொல்லித்தருகிறது என்பதை இல்லை. மீடியம் என்பது பெரும்பாலும் அப்பாவின் சட்டைப்பை தீர்மானிக்கிற விஷயம் என்று டோக்கியோ அதிகாரிக்கு எப்படித் தெரியும்?

ஒரு வேடிக்கை பாருங்கள். ரானல்ட் மெக்டொனால்டுக்கு நாகசாகியில் நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். ஹெர்ன் வாழ்ந்த மாட்சுவே வீடு இன்றைக்கும் பாதுகாக்கப்படுகிறது. ஜப்பான் இத்தனை மரியாதை செய்யும் இந்த இரண்டு இங்கிலீஷ் வாத்தியார்களுக்கும் பட்டம் கிடையாது. இன்றைக்கு மனு போட்டால் இரண்டு பேரும் முதல் ரவுண்டிலேயே அவுட்!

அதற்காக விதியைத் திட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார வேண்டியதில்லை. தகுதி இருக்கிற பிள்ளைகளே, 'அது வெள்ளைக்காரனுக்கு' என்று நினைத்து மனுகூடப் போடாமல் இருக்கிறார்களே, அதுதான் பெரிய நஷ்டம். ஜப்பான் கதவைத் திறந்தபோதெல்லாம் தன் தேவைக்குத்தான் திறந்தது. 1808-ல் பயம், மெய்ஜி காலத்தில் அவசரம், 1987-ல் நெருக்கடி. திறக்கிற நேரத்தில் வாசலில் நிற்பவர்கள்தான் உள்ளே போயிருக்கிறார்கள். அப்படி நின்றவர்கள் எல்லோரும் லண்டனில் பிறந்தவர்கள் இல்லை.

'ஏன் ஜப்பான்?' என்று அந்த மனு கேட்கிறதே, அதற்குக் கும்மிடிப்பூண்டிப் பிள்ளையிடம் நியூயார்க் பிள்ளையிடம் இல்லாத ஒரு பதில் இருக்கிறது. 'வாய் வரைக்கும் வந்த இங்கிலீஷ் வெளியே வராமல் தொண்டையில் நிற்பது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதை எப்படி வெளியே கொண்டுவரணும்னும் தெரியும்.'

மோரியாமாவும் சோசெகியும் இங்கிலீஷைத் தொட்டிலில் கேட்டவர்கள் இல்லை. எழுத்தெழுத்தாகக் கற்றவர்கள். நம்ம பிள்ளைகளும் அந்த ஜாதிதான்.