வீழ்ந்த கொள்கையின் மீட்சி

வோல்ற்றா தமது மின்னடுக்கை உலகுக்கு அறிவித்து மூன்று ஆண்டுகளே கழிந்திருந்தன. 1803 இல் சுவீடன் நாட்டிலே பெர்சீலியசு என்னும் இளைஞர், நண்பர் இசிங்கருடன் கூடி, உப்புக் கரைசல்களினூடே மின்னோட்டத்தைச் செலுத்திப் பார்த்தார். அமிலக் கூறு நேர்முனையை நாடிற்று. காரக் கூறு எதிர்முனையை நாடிற்று. 1807 இல் இலண்டனில் அம்பிரி தேவி என்பார் அதே மின்னைக் கொண்டு பொற்றாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தார். மின்னாற் பிரிவன மின்னாலேயே கூடியிருத்தல் வேண்டும் என்று பெர்சீலியசு துணிந்தார்.

மின்னெதிர்த்தன்மை என்னும் பெயரை 1811 இல் அவர் வழங்கினார். பின்னர் ஒட்சிசனை ஒரு முனையிலும் பொற்றாசியத்தை மறு முனையிலும் நிறுத்தி, மூலகங்களை வரிசைப்படுத்தினார். எச்சேர்வையும் நேர்மின், எதிர்மின் என்னும் இரு பகுதிகளின் கூட்டே என்பது அவர் கொள்கை. மூலகங்களுக்கு எழுத்துக் குறியீடு அமைத்தவரும் இவரே. வகுப்பறைக் கரும்பலகையில் இன்றும் அவ்வெழுத்துக்களையே எழுதுகின்றோம்.

ஆயின் ஓர் இடர்ப்பாடு இருந்தது. ஒரே மூலகத்தின் இரண்டு அணுக்கள் எவ்வாறு கூடும்? கூடமாட்டா என்றது கொள்கை. அதனால், வாயு மூலகங்களின் மூலக்கூறு ஈரணுக்களாலானது என்னும் அவகாதரோவின் உண்மை நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டது. பேரறிஞர் ஒருவரின் செல்வாக்கு அறிவின் வழியை அடைத்துவிடுதலும் உண்டு.

அடி விழுந்தது பிரான்சிலிருந்து. 1838 ஆம் ஆண்டளவில் துமா என்பவர், வினாகிரியிலுள்ள அசற்றிக்கமிலத்தின் மூன்று ஐதரசன் அணுக்களை நீக்கி, அவ்விடங்களிற் குளோரீனைப் புகுத்தினார். நேர்மின் அணு இருந்த இடத்தில் எதிர்மின் அணு அமர்ந்தது. எனினும் கிடைத்த பொருள் இயல்பில் முன்னையதை ஒத்த அமிலமாகவே இருந்தது. பெர்சீலியசு விட்டுக்கொடுத்தாரல்லர். சூத்திரங்களை வளைத்தும் நெளித்தும் எழுதி, 1848 இல் இறக்கும்வரை வாதாடினார். கொள்கை அவருக்கு முன்னரே தளர்ந்துவிட்டது.

1916 இல் அமெரிக்கரான இலூயிசு, இரண்டு அணுக்கள் ஓர் இலத்திரன் சோடியைப் பங்கிட்டுக்கொள்வதே பிணைப்பு என்றார். ஒத்த அணுக்கள் கூடும் புதிர் அவிழ்ந்தது. ஆனாற் பங்கு என்றுஞ் சமபங்காகுமா?

இதற்கு அளவு கண்டவர் இலைனசு போலிங். 1932 இல் அவர் எடுத்துக்கொண்ட சான்று வெப்பம். ஐதரசனின் இரு அணுக்களைப் பிரிக்க மூலுக்கு 436 கிலோயூல் வேண்டும், குளோரீனுக்கு 243. பங்கீடு சமமாயின் ஐதரசன் குளோரைட்டுக்கு இவற்றின் சராசரியாகிய 340 அளவே வேண்டும். அளந்தாலோ 431! ஏறக்குறைய 90 கிலோயூல் மிகை. குளோரீன் இலத்திரன் சோடியைத் தன்பால் இழுப்பதால் எழும் மின் கவர்ச்சியே இம்மிகை என்று போலிங் கண்டார். பல பிணைப்புக்களின் மிகைகளை ஒப்பிட்டு, அவற்றின் வர்க்கமூலங்களிலிருந்து மூலகங்களுக்கு எண்கள் அமைத்தார். இன்றைய கணிப்பிற் புளோரீனுக்கு ஏறக்குறைய 4.0, ஒட்சிசனுக்கு 3.4, குளோரீனுக்கு 3.2, ஐதரசனுக்கு 2.2, சோடியத்துக்கு 0.9.

வேறுபாடு பூச்சியமாயின் சமபங்கு. சிறிதாயின் ஒருபுறச் சாய்வு. சோடியமும் குளோரீனும் போலப் பெரிதாயின் இலத்திரன் ஏறத்தாழ முற்றாகக் கைமாறி அயன்கள் பிறக்கும். நீரின் ஒட்சிசன் இவ்வாறு இழுப்பதால் ஐதரசன் நேர்மின் சாயலுற்று, அயல் மூலக்கூற்றின் ஒட்சிசனைப் பற்றுகின்றது. ஆகவே நீர் 100 பாகையிற் கொதிக்கின்றது. அதன் இனமாகிய ஐதரசன் சல்பைட்டோ சுழியத்துக்குக் கீழே 60 பாகையிலேயே கொதித்துவிடும்.

துமாவின் அமிலமும் மறு விசாரணைக்கு வந்தது. அவர் ஒத்தவை எனக் காட்டிய இரண்டனுள், குளோரீன் ஏறியது மற்றையதைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு வலிய அமிலம். மூன்று குளோரீன் அணுக்களும் இலத்திரன்களைத் தம்பால் இழுத்து, ஐதரசன் அயன் எளிதில் விலக வழிவிடுகின்றன. இழுக்கும் அவ்வியல்புக்கு இன்றும் வழங்கும் பெயர் 1811 இற் பெர்சீலியசு இட்டதே.