அசையாத பொருளில் ஆற்றல் இல்லையா? அந்தமான் சொல்லும் பதில்

மேசை மேல சும்மா கிடக்கிற கல்லில் எவ்வளவு ஆற்றல் இருக்கு? வகுப்பில் இப்படிக் கேட்டால், 'அதுதான் அசையலையே, ஒண்ணும் இல்லை' என்று பல மாணவர்கள் சொல்வார்கள். நீங்களும் அப்படி நினைத்திருக்கலாம். எங்கே தவறுகிறோம்?

'அசைந்தால்தான் ஆற்றல்'

அசைவில் இருப்பது இயக்க ஆற்றல் மட்டுமே. உயரத்தாலோ வளைவதாலோ சேர்வது நிலை ஆற்றல். வடக்கு அந்தமானின் திக்லிப்பூர் அருகே உள்ள கல்பாங் அணையில் தேங்கி நிற்கும் தண்ணீர் பார்க்க அமைதியாகத்தான் இருக்கும். அது கீழே பாயும்போதுதான் அங்குள்ள 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் ஓடுகிறது.

'ஆற்றல் பொருளுக்குள்ளேயே இருக்கு'

கல்லின் நிலை ஆற்றல் கல்லுக்கு மட்டும் சொந்தமில்லை. கல்லும் பூமியும் சேர்ந்த அமைப்புக்குச் சொந்தம். எந்த மட்டத்திலிருந்து அளக்கிறோம் என்பதும் முக்கியம். மேசையிலிருந்து அளந்தால் பூஜ்ஜியம், தரையிலிருந்து அளந்தால் பூஜ்ஜியம் இல்லை.

10 மீட்டர் உயரத்தில் இருக்கும் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தரையைப் பொறுத்து அதன் நிலை ஆற்றல் சுமார் 98,000 ஜூல். வீணாகாமல் மின்சாரமாக மாற்ற முடிந்தால், 10 வாட் எல்.இ.டி பல்பு இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் எரியும்.

'தாங்கி நிற்கவும் ஆற்றல் செலவாகும்'

அணைச் சுவர் தண்ணீரைத் தடுக்கிறது. ஆனால் சுவர் நகரவில்லை, அதனால் அது எந்த வேலையும் செய்யவில்லை. வாளியைத் தூக்கிப் பிடித்தால் கை வலிக்குதே? அது தசைகள் உள்ளுக்குள் செலவிடும் ஆற்றல். வாளிக்கு அதனால் கூடுதலாக எதுவும் கிடைப்பதில்லை.

'அசைவில்லை என்றால் ஆபத்தில்லை'

இந்தத் தவறான எண்ணம் பரீட்சையோடு முடிவதில்லை. இந்தத் தீவுகளுக்கு அடியில் இந்தியத் தட்டு, பர்மா தட்டுக்குக் கீழே ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நுழைய முயல்கிறது. உரசும் இடம் நீண்ட காலமாகப் பூட்டிக்கொண்டு நின்றதால், அழுத்திய ஸ்பிரிங் போல பாறைகளில் ஆற்றல் சேர்ந்துகொண்டே போனது.

2004 டிசம்பர் 26 அன்று அந்தப் பூட்டு விட்டது. சுமார் 1,300 கி.மீ நீளத்துக்குப் பிளவு ஓடியது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. இந்திரா முனையில் நிலம் 4 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போனது. வடக்கு அந்தமானின் மேற்குக் கரையிலோ பவளப்பாறைகள் நீருக்கு மேலே வந்தன. பிறகு சுனாமி வந்தது.

தட்டுகள் இன்றும் நெருக்கிக்கொண்டுதான் இருக்கின்றன. கடலோரத்தில் நீண்ட நேரம் நிலம் ஆடினால், எச்சரிக்கைக்குக் காத்திருக்காமல் உடனே மேட்டுக்குப் போய்விடுங்கள்.