துருச் சந்தையில் ஒரு வாழைமர நோட்டு



சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மகனை அழைத்துக்கொண்டு சிரம்பானிலிருந்து இரயிலேறிப் பெட்டாலிங் ஜெயாவுக்குச் சென்றேன். தாமான் ஜெயா நிலையத்தை அடுத்துள்ள அம்கார்ப் பேரங்காடியில் வார இறுதியில் பழம்பொருள் சந்தை கூடும். பழைய கடிகாரங்கள், இசைத்தட்டுகள், பீங்கான் தட்டுகள், நாணயங்கள் என்று மேசைகள் நிறைந்திருக்கும். வரலாற்றுப் பாடத்திற்குச் சில நாணயங்கள் வாங்கவேண்டும் என்பதே என் நோக்கம்.

இத்தகைய சந்தையை மலாய்க்காரர்கள் 'பாசார் காராட்' என்பார்கள். காராட் என்றால் துரு. பாரிஸ் நகரின் விளிம்பிலுள்ள செந்துவானில் பழைய துணிகளும் மெத்தைகளும் விற்ற சந்தைக்குத் 'தெள்ளுப்பூச்சிச் சந்தை' என்று பெயர் வந்தது. ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் இன்றும் வார இறுதிச் சந்தைக்கு அதே பெயர்தான். அவர்கள் பூச்சியைக் கண்டார்கள். நம் நாட்டார் துருவைக் கண்டார்கள். வீடு காலியாகும்போது வெளியே வருகிற பொருள்கள்தாம் எங்கும் விற்கப்படுகின்றன.

முதல் மேசையிலேயே என் கால்கள் நின்றுவிட்டன. அங்கே ஒரு பால்வெட்டுக் கத்தி இருந்தது. கைப்பிடி பலகாலம் பிடித்துப் பிடித்து வழவழப்பாகியிருந்தது. விலை 35 ரிங்கிட்.

"இது மரம் செதுக்கும் உளியாம்மா?" என்று கேட்டான் என் மகன்.

பால்மரம் வெட்டியவரின் பேரன் அவன். அந்தக் கேள்விக்கு அவனை நான் குறை சொல்ல முடியாது. சொல்லிக் கொடுக்காதவள் நான்தானே?

அங்கேயே நின்று விளக்கினேன். கத்தியின் நுனி வளைந்திருப்பது, பட்டையை மெல்லிய சீவலாக எடுப்பதற்கு. உள்ளே மரத்தைத் தொட்டுவிட்டால் காயமாகி, அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் மீண்டும் மீண்டும் பாலெடுக்கும் முறையை உருவாக்கினார். மோட்டார் வண்டிகள் பெருகி, அவற்றின் சக்கரங்களுக்கு ரப்பர் தேவைப்பட்டபோது நெகிரி செம்பிலான் காடுகளும் தோட்டங்களாயின. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் திரட்டி வந்தார்கள். உதவி பெற்று வரும் கூலித் தொழிலாளர்களின் குடியேற்றத்தை இந்திய அரசாங்கம் 1938-இல் தடைசெய்யும் வரையில் அந்த வரவு நீடித்தது. குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக வடியும். ஆகவே விடியுமுன்பே பெரட்டு. நெற்றி விளக்குடன் நிரை நிரையாக வெட்டு. பிறகு காண்டாவில் வாளிகளைத் தொங்கவிட்டுப் பால் சுமப்பு.

"இது எந்தத் தோட்டத்துக் கத்தி?" என்று கடைக்காரரான சீனப் பெரியவரிடம் கேட்டேன். வீடு காலி செய்பவர்களிடம் மொத்தமாக வாங்குவதாகவும், எந்தத் தோட்டம், யாருடையது என்பதெல்லாம் தமக்குத் தெரியாது என்றும் சொன்னார். அவர்மீது தவறில்லை. கொடுத்தவர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த மேசையில் நெகிழி உறைகளுக்குள் வாழைமர நோட்டுகள் இருந்தன. ஒன்று 5 ரிங்கிட்.

ஜப்பானியர் ஆட்சிக்காலத்துப் பத்து வெள்ளி நோட்டு அது. மலாயாவைக் குறிக்க 'எம்' என்ற எழுத்தும், கொண்டுவருபவர் கேட்டவுடன் பணம் தருவதாக ஜப்பானிய அரசாங்கத்தின் உறுதிமொழியும் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். போரின் பிற்பகுதியில் வரிசை எண்கூட இல்லாமல் அச்சடித்துத் தள்ளினார்கள். விலைவாசி மலைபோல் ஏறியது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பியதும் அந்த நோட்டு வெறுங்காகிதமாயிற்று. அந்த உறுதிமொழியை யாரும் நிறைவேற்றவில்லை.

அந்த நோட்டைக் கையிலெடுத்தபோது என் கை நடுங்கியது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் ரப்பர் ஏற்றுமதி பெரும்பாலும் நின்றது. தோட்டங்களில் வேலையில்லை, அரிசியில்லை. அந்தப் பட்டினியில்தான் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில்பாதை போட ஆள் பிடித்தார்கள். ஆசை காட்டிச் சிலரை, வலுக்கட்டாயமாகப் பலரை. மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். 1943 அக்டோபரில் பாதை முடிவதற்குள் வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் ஆயிரக்கணக்கானோரை விழுங்கிவிட்டன. அங்கே மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. நம்மவர்க்கு அப்படி எதுவும் இல்லை.

என் தாத்தா 1943-இல் போனவர். மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லி அழைத்துப் போனார்களாம். புறப்படுமுன் கையிலிருந்த சில நோட்டுகளைப் பாட்டியிடம் கொடுத்திருக்கிறார். அவர் திரும்பவில்லை. காசு செல்லாமற்போன பிறகு லயத்துப் பிள்ளைகள் அத்தகைய நோட்டுகளை வைத்துக் கடை விளையாட்டு விளையாடினார்கள். பாட்டி மட்டும் தம்மிடமிருந்தவற்றைச் சுருக்குப் பையில் போட்டுத் தகரப்பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டார்.

பாட்டி காலமான சில ஆண்டுகளுக்குப் பிறகு, 1998-இல், எங்கள் தோட்டம் கைமாறியது. நாங்கள் லயத்தைவிட்டு வெளியேறினோம். ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த காலம் அது. புது வீட்டுக்குப் பழைய குப்பை எதற்கு என்று, பழைய இரும்பு வாங்க வந்த லாரியில் பெட்டி, கத்தி, காண்டா எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன். செல்லாத நோட்டுகளைப் பழைய நாளிதழ்களோடு சேர்த்து எரித்தேன்.

மாலையில் வேலை முடிந்து வந்த அப்பா, "பாட்டியின் சுருக்குப் பை எங்கே அம்மா?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தாத்தா போனபோது அவர் கைக்குழந்தை. தந்தையின் முகம் அவருக்கு நினைவில்லை. ஒரு நிழற்படம்கூட இல்லை. தாத்தாவின் கை பட்ட பொருளென்று எங்கள் வீட்டில் இருந்தவை அந்த நோட்டுகள் மட்டும்தான். அது எனக்கு உறைத்தபோது அடுப்பில் சாம்பல்கூட இல்லை.

ஐந்து ரிங்கிட் கொடுத்து ஒரு நோட்டு வாங்கினேன். "இது பூட்டனாருடைய நோட்டா?" என்று மகன் கேட்டான். "இல்லையப்பா, அதைப்போல ஒன்று" என்றேன். அந்த வேறுபாட்டை அவன் புரிந்துகொண்டான்.

ஆசிரியத் தோழர்களே, 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. நம் பள்ளிகள் பல அப்படித் தோன்றியவை. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது பள்ளிகள் சிலவும் பட்டணத்துக்கு இடம்பெயர்ந்தன. அலமாரியில் கிடக்கும் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். பிள்ளையின் பெயருக்கு அருகே தந்தையின் பெயரும் தொழிலும் இருக்கும். எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த ஒரு வரியைத் தவிர எழுத்தில் வேறொன்றும் இல்லை. கறையான் அரித்ததென்று அதை வீசிவிடாதீர்கள்.

விடுமுறை முடிந்ததும் என் நான்காம் ஆண்டு மாணவர்களிடம் வீட்டிலிருந்து ஒரு பழைய பொருளைப் பற்றி எழுதிவரச் சொன்னேன். பொருளைக் கொண்டுவர வேண்டாம். அது யாருடையது, எந்தத் தோட்டத்தில், எதற்குப் பயன்பட்டது, யார் சொன்னார்கள் என்ற நான்கு கேள்விகளுக்கு விடை போதும். ஒரு மாணவி, பேனாக்கள் போட்டு வைத்திருக்கும் மங்கு, தன் பூட்டி பால் பிடித்த மங்கு என்று எழுதினாள். மற்றொருவன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய பங்குச் சீட்டைப் பற்றி எழுதினான். துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய அச்சங்கத்தில், தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேமித்தே தோட்டங்களை வாங்கினார்கள். அதை அவனுடைய தாத்தாவே வகுப்புக்கு வந்து சொல்லிக் கொடுத்தார். அன்று நான் கடைசி நாற்காலியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெற்றோர்களே, போகிக்கு வீட்டைத் துப்புரவு செய்வோம். பழையதைக் கழிப்பது நம் வழக்கம், கழியுங்கள். அதற்குமுன் வீட்டிலுள்ள முதியவரை அருகில் அமர்த்தி, ஒவ்வொரு பொருளையும் காட்டி, "இது யாருடையது?" என்று கேளுங்கள். விடையைப் பிள்ளையே தன் கையால் எழுதட்டும்.

அப்பாவிடம் நான் அன்று கேட்கவில்லை. சந்தையில் வாங்கிய நோட்டை அவரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, பாட்டி சொன்னவற்றை முதன்முறையாகப் பேரனிடம் சொல்லத் தொடங்கினார். அவன் எழுதிக்கொண்டிருக்கிறான்.